மொட்டை மாடிக்கு வைஃபை: காசு வீணாகும் இடங்கள்

ஹாலில் முழுதாகத் தெரியும் சிக்னல், மாடிப்படித் திருப்பத்தில் பாதியாகும். மொட்டை மாடிக் கதவைத் தாண்டினால் காணாமல் போய்விடும். "பவர் பத்தலை" என்று முடிவுகட்டி, நாலு ஆன்டெனா ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்குவதுதான் முதல் தவறு. நானும் வாங்கினேன். ஹாலில் வேகம் கூடியது, மாடியில் பழைய கதைதான்.

வைஃபை என்பது வானொலி மாதிரி ஒருவழிச் சமாச்சாரம் இல்லை. போனும் பதில் பேசியாக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் போனின் ஆன்டெனா சின்னது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது மெல்லத்தான் பேசும். ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்கிறது, போன் முனகுவது ரவுட்டருக்கு எட்டவில்லை. கோடு எல்லாம் நிறைந்திருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். இஷ்டத்துக்குக் கத்தவும் முடியாது: வைஃபையின் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அனுப்ப, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்தான் உச்சவரம்பு.

நடுவில் நிற்பது கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் தளம். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் அதில் கிட்டத்தட்டச் செத்துவிடும்; 2.4 கொஞ்சம் தட்டுத்தடுமாறி மேலே வரும். இங்கேதான் பலரும் மாடிக் கதவோரம் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை வாங்கி மாட்டுகிறார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்ததை அது அரைகுறையாகவே திருப்பிச் சொல்லும். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் மலிவு ரகம் என்றால் வேகமும் பாதியாகும். ரிப்பீட்டர்தான் போடுவேன் என்றால், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், படிக்கட்டின் நடுவழியில் வையுங்கள்.

உருப்படியான வழி ஒன்றுதான். ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள், அதன் முனையில் வெளிப்புறத்துக்கென்றே செய்த ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. அதைச் செய்யும்போதும் தவறுகள் வரிசை கட்டி நிற்கும்.

கேபிள் விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், உள்ளே இருப்பது தாமிரம் பூசிய அலுமினியமாக இருக்கலாம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதேதான். இந்தக் கேபிள் வழியாகவே சாதனத்துக்குக் கரண்டும் போகப் போகிறது. அலுமினியத்தில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும், ஒயரும் சூடாகும். கேபிளின் மேலுறையும் முக்கியம். வீட்டுக்குள் போடும் சாதாரண பிவிசி உறை நம் வெயிலில் சீக்கிரமே வெளிறி வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கான கறுப்பு பாலிஎத்திலீன் உறையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகவும் கூடாது.

கரண்ட் கொடுக்கும் அடாப்டரிலும் இரண்டு சாதி உண்டு. எதிர்முனையில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு 48 வோல்ட் அளவில் கொடுப்பது ஒன்று. எதையும் கேட்காமல் 24 வோல்ட்டைத் தள்ளுவது இன்னொன்று. பெட்டியோடு வந்ததை விட்டுவிட்டு, அலமாரியில் கிடந்த வேறொன்றை மாட்டி ஆக்சஸ் பாயின்டைக் கருக்கியவர்களை எனக்குத் தெரியும். அடாப்டரையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் மாடியில் வைஃபை நிற்காது.

பழைய ரவுட்டரையே ஒரு பெட்டியில் வைத்து மாடியில் மாட்டினால் என்ன? எங்கள் சித்தப்பா அப்படித்தான் செய்தார், அதுவும் மீட்டருக்கு வைக்கும் இரும்புப் பெட்டியில். கிணற்றுக்குள் ஆளை இறக்கி, மேலே மூடியைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரிதான். பிளாஸ்டிக் பெட்டியில் அலை வெளியே வரும், ஆனால் வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரை தாங்கத்தான் செய்யப்பட்டவை. கத்திரி வெயிலில் மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடத்தில், உயரம் கூடினால் நல்லது என்று நினைத்து நீளமான குச்சி ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். சின்ன ஆன்டெனாவின் அலை மெதுவடை மாதிரிப் பரவும். குச்சி நீள நீள அந்த வடை தட்டையாகிக்கொண்டே போகும். தூரத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும், கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த உங்களுக்குக் கிடைக்காது. சன்ஷேடுக்கு அடியில், நீங்கள் உட்காரும் பக்கத்தைப் பார்த்தபடி சுவரில் மாட்டினால் போதும். நிறைந்த தண்ணீர்த் தொட்டி அலையைக் குடித்துவிடும், அதற்குப் பின்னால் வைக்காதீர்கள். மாடியில் கலர் ஷீட் கூரை போட்டிருந்தால் சாதனம் ஷீட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உலோகத்தைத் தாண்டி ஒன்றும் இறங்காது.

மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வரும். சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அணில் நடமாட்டம் இருந்தால் பைப்புக்குள் விடுங்கள்.

எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் தவறு, வீட்டிலிருந்து தனியாக நிற்கும் மோட்டார் ரூமுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ தாமிர லேன் கேபிள் இழுப்பது. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே நீளமான அந்தக் கம்பியில் வோல்டேஜ் பாய்ந்துவிடும். அதில் இணைந்திருக்கும் ரவுட்டர், டிவி, கேமரா பெட்டி எல்லாம் ஒரே நாளில் போகும். கட்டடத்துக்குக் கட்டடம் போவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழையான ஃபைபராக இருக்கட்டும். இரண்டு முனையிலும், ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று போட வேண்டும், பெரிய விலை இல்லை. வெளியே இழுத்துக் கட்டும் ஃபைபர் டிராப் கேபிளில் பெரும்பாலும் இழுவைக்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் மின்னலுக்கு மறுபடி வழி திறந்தாயிற்று. வெளிச்சுவரிலேயே பிரித்து நிறுத்திவிடச் சொல்லுங்கள். மாடி ஆக்சஸ் பாயின்டின் கேபிளில், திடீரென்று பாயும் வோல்டேஜைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் புரொடக்டர் போட்டால் அதை முறையான எர்த்தோடு இணைக்க வேண்டும். எர்த் இல்லாத சர்ஜ் புரொடக்டர் வெறும் அலங்காரம். இடி தொடங்கும் முன்பே, பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

செட்டிங்கில் ஒரு விஷயம். இரண்டாவது பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடாவிட்டால், அது தனக்கென்று தனி நெட்வொர்க் நடத்தும். மாடியில் இருக்கும் போனுக்கு ஹால் டிவி தென்படாது. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4-க்கு, ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் இரண்டு பெட்டிக்கும் வேறுவேறாகக் கொடுங்கள். தெரு வரை போகும் சிக்னல் என்பதால் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு கெஸ்ட் நெட்வொர்க் வைத்துவிடுங்கள்.

பம்ப் செட் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தால் வீட்டு ஆக்சஸ் பாயின்டை நம்பாதீர்கள். அலையை ஒரே திசையில் குவித்து, ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டும் டைரக்‌ஷனல் ஜோடிதான் அதற்குத் தோது. டிரில்லைக் கையில் எடுக்கும் முன் இரண்டையும் கழியில் கட்டிவைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்து மரமெல்லாம் நனைந்திருக்கும் நாளில் பாருங்கள். ஈர இலை சிக்னலை நன்றாகவே தின்னும். இன்று பக்கவாட்டில் இருக்கும் தென்னங்கன்று மூன்று வருடத்தில் மட்டையை எந்தப் பக்கம் நீட்டும் என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.