வீட்டுக்கல்வியில் லத்தீனும் கிரேக்கமும்: எதை முதலில், எப்படி

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே லத்தீனும் பழங்கிரேக்கமும் கற்பிக்க முனையும் பெற்றோரில் பெரும்பாலோர் அம்மொழிகளை அறியாதவர்களே. பிள்ளையைவிட இரண்டு பாடங்கள் முன்னால் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் பாடநூலுடன் விடைக்கையேடும் இருந்தாக வேண்டும்; இல்லையேல் பிழைகள் இருவர் நாவிலும் ஊறிவிடும்.

இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். எழுத்து ஏற்கெனவே பழகியது என்பதால் லத்தீனை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. வேற்றுமையும் வினைத்திரிபும் அங்கே கைவந்த பிறகு, ஓரிரு ஆண்டுகள் கழித்துக் கிரேக்கத்துக்குப் போகலாம்.

முதல் நாளே உச்சரிப்பை முடிவு செய்துகொள்ளுங்கள். பண்டைய ரோமானியர் பேசியதாக அறிஞர்கள் மீட்டமைத்த முறையில் 'கிகெரோ' என்றும், திருச்சபை முறையில் 'சிச்செரோ' என்றும் ஒரே பெயர் ஒலிக்கும். எதுவானாலும் சரி, நடுவில் மாற்றக் கூடாது. நெடில் உயிர்களின் மேல் கோடிட்டுக் காட்டும் நூலையே வாங்குங்கள். 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். குறில் நெடில் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது எளிதில் பிடிபடும்.

உண்மையான உழைப்பு பெயர்ச்சொற்களில்தான். 'மரங்களுக்கு' என்பதில் பன்மையும் வேற்றுமையும் தனித்தனி உருபுகளாக நிற்கின்றன. லத்தீனிலோ இரண்டும் ஒரே விகுதியில் கலந்துவிடுவதோடு, அவ்விகுதிகள் ஐந்து வகைப்பாடுகளில் வெவ்வேறாக வருகின்றன. 'புவெல்லை' என்னும் ஒரு வடிவம் சிறுமியினுடைய, சிறுமிக்கு, சிறுமியர், சிறுமியரே என நான்கு பொருள் தரும். ஆகவே வாய்பாட்டை மனப்பாடம் செய்வது தேவையே, ஆயினும் அதையே பாடமாக்கிவிடாமல் ஒவ்வொரு நாளும் சில வாக்கியங்களை உரக்கப் படித்து, இந்த இடத்தில் எந்தப் பொருள், ஏன் என்று பிள்ளையையே சொல்லவைக்க வேண்டும். அரசனைக் குறிக்கும் 'ரேக்ஸ்' என்ற சொல்லைத் தனியாக எழுதாமல் 'ரேக்ஸ், ரேகிஸ்' என்று ஆறாம் வேற்றுமையோடு எழுதினால்தான் அடிச்சொல் வெளிப்படும். வினைக்கு நான்கு வடிவங்கள் வேண்டும்: 'ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும்' (சும) என்பதில் பின்னிரண்டை யாராலும் ஊகிக்க முடியாது.

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அன்றாடம் இருபது நிமிடம் மேல். வயது வேறுபட்ட உடன்பிறந்தோரை ஒரே பாடத்தில் அமர்த்தலாம். இளையவர் வாயால் சொல்லட்டும், மூத்தவர் எழுதட்டும்.

கிரேக்கத்தின் 24 எழுத்துகளில் சில கணிதத்தின் வழியே அறிமுகமானவை. ஆங்கில எழுத்துகளைப் போலத் தோன்றி வேறு ஒலி தருபவற்றை மட்டும் தனியே பழக்குங்கள்: பெரிய 'ரோ' ஆங்கிலப் 'பி'யைப் போலவும், சிறிய 'நியூ' ஆங்கில 'வி'யைப் போலவும் இருக்கும். எந்தக் கிரேக்கம் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டைப் படிப்பதே நோக்கமானால் அது எழுதப்பட்ட பிற்காலப் பொதுவழக்கான கொய்னே போதும், யோவான் நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். பிளேட்டோவைப் படிக்க வேண்டுமானால் பண்டைய ஏதென்ஸின் கடினமான அட்டிக் வழக்கையே கற்க வேண்டும். அட்டிக்கிலிருந்து கொய்னேக்கு இறங்குவது எளிது, மறுதிசையில் ஏறுவது கடினம் என்பதால், உறுதியாகத் தெரியாதவர்கள் அட்டிக்கைத் தேர்ந்தெடுத்து, இலக்கணம் ஓரளவு முடிந்ததும் பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனொபோனின் 'அனபாசிஸ்' நூலைச் சிறு பகுதிகளாக வாசிக்கத் தொடங்கலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் அதன் கிரேக்க மூலநூல் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லைச் சொடுக்கினால் இலக்கண விளக்கம் வரும் என்பதால், பிள்ளை முதலில் தானே முயன்ற பிறகே அதைத் திறக்கவிடுங்கள்.