என்ஜின் ஆயில் கசிவு: சொட்டும் இடத்தை விட்டு ஊறும் இடத்தைத் தேடுங்கள்

காரின் அடியில் ஆயில் சொட்டினால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் கோளாறு என்று பெரும்பாலானோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆயில் அப்படி நேராக இறங்குவதில்லை. மேலே எங்கோ ஊறி, என்ஜின் சுவர் வழியாக வழிந்து, ஓட்டத்தின்போது ரேடியேட்டர் பக்கமிருந்து வரும் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஒரு போல்ட் தலையையோ விளிம்பையோ பிடித்துக்கொண்டு, ஊற்றுக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் துளியாகத் திரள்கிறது. ஆகவே கசிவை அடைப்பதைவிட அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

என் காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டியது. பெங்களூரில் நான் காட்டிய ஒரு பணிமனையில், கிராங்கின் (என்ஜினின் சுழலும் முதன்மைத் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அது பல ஆயிரம் ரூபாய் வேலை. உண்மையில் கசிந்தது, டேப்பட் கவர் என்னும் என்ஜினின் மேல் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் ரப்பர் பேக்கிங்கின் (கேஸ்கெட்) ஒரு மூலை; அந்தப் பேக்கிங்கின் விலை சில நூறு ரூபாய். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டிப்ஸ்டிக்கைப் பார்க்கவும், ஜாக்கி போடவும், ஸ்பானர் பிடிக்கவும் தெரிந்தவர்கள் என்ற அடிப்படையில் தொடங்குகிறேன்.

முதலில் அவசரமா என்று பாருங்கள்

டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையிலுள்ள அளவு பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறு பெட்ரோல் கார்களின் மொத்தக் கொள்ளளவே 3 முதல் 4 லிட்டர்தான் என்பதால், கீழ் குறிக்குக் கீழே போனால் ஆயில் ஊற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிடுங்கள். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலாக இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்தத்தான் வேண்டும். பானட்டுக்குள்ளிருந்து கருகிய வாடையோ புகையோ வந்தால், ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுகிறது என்று பொருள். அது தீப்பிடிக்கும் அபாயம்; சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

படி 1: சொட்டுவது என்ஜின் ஆயில்தானா?

இரவு முழுவதும் என்ஜினுக்கு அடியில் ஓர் அகலமான அட்டையை விரித்து வையுங்கள். அட்டையின் முன்பக்கம் எது, ஓட்டுநர் பக்கம் எது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நீர்த்திருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வடிந்தது, கவலை வேண்டாம். அடித்தளப் பார்க்கிங்கில் பழைய கறைகளும் இருக்கும் என்பதால், தரையைப் பார்த்து முடிவு செய்யாமல் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 2: கழுவித் துடைப்பது

இதைத் தவிர்த்துவிட்டுக் கசிவைத் தேடுவது வீண் வேலை. பல மாதமாக ஊறிய ஆயிலும் தூசும் சேர்ந்து என்ஜின் முழுவதும் ஒரே கறுப்பாக இருக்கும்போது, புதிய ஆயில் எது, பழையது எது என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகு டிகிரீசர் தெளித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். மூலைகளுக்கு பிரேக் கிளீனர் ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடான என்ஜினில் அடிக்கவே கூடாது, பெல்ட்டின் மீதும் படக் கூடாது. பெட்ரோலால் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிப்பதையும் நான் விரும்புவதில்லை. ஆல்டர்னேட்டருக்குள்ளும் இக்னிஷன் காயில் கனெக்டர்களுக்குள்ளும் தண்ணீர் போனால், கசிவோடு மின்கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

படி 3: மேலிருந்து கீழாகத் தேடுவது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். விதி ஒன்றுதான்: ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுவே ஊற்றுக்கு மிக அருகிலுள்ள இடம். அதற்குக் கீழேயும் பின்னாலும் உள்ள ஈரமெல்லாம் வழிந்து வந்தது.

கழுவிய பின் என்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு நிறுத்துங்கள். நெற்றி விளக்கும் நீண்ட கைப்பிடி கொண்ட சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு, ஆயில் ஊற்றும் மூடியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். மூடியின் ரப்பர் வளையம், டேப்பட் கவரின் நான்கு விளிம்புகள், டைமிங் கவர் (டைமிங் செயினை அல்லது பெல்ட்டை மூடும் பக்க மூடி) இணைப்பு, ஆயில் விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், கடைசியாக சேம்பரின் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விளிம்பும் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டும். பெங்களூர்ச் சாலைப் பள்ளங்களிலும் உயரமான வேகத்தடைகளிலும் அடிவாங்கிய சேம்பர் நசுங்கி, விளிம்பு நெளிந்து கசிவதும் உண்டு. அதன் அடிப்பாகத்தையும் தடவிப் பாருங்கள்.

டேப்பட் கவரின் பின்விளிம்பு நேரடிப் பார்வைக்குத் தெரியாது. கண்ணாடியால்தான் பார்க்க முடியும். நம்மூர்ச் சிறு கார்களில் பெரும்பாலும் என்ஜின் குறுக்காக அமர்ந்திருப்பதால், கியர்பாக்ஸ் ஒரு பக்கவாட்டில் இருக்கும். அந்தப் பக்கத்து மூலையில் பேக்கிங் கெட்டால், ஆயில் டேப்பட் கவருக்குக் கீழுள்ள சிலிண்டர் ஹெட்டின் ஓரமாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் கோடு வழியே போய், அடியில் சொட்டும். கிராங்கின் பின் சீல் கசிந்தாலும் அதே இடத்தில்தான் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வேறுபடுத்தும் வழி எளிது: கியர்பாக்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் பாதியை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஆயில் மேலிருந்து வருகிறது, சீலைக் குறை சொல்ல இன்னும் காரணமில்லை. மேல் பாதி முற்றிலும் உலர்ந்திருந்து, அடியில் மட்டும் ஈரம் என்றால் அப்போது சீலைச் சந்தேகிக்கலாம். என் காரில் அந்த மேல் மூலையில் விரல் வைத்ததும் நுனியில் பளபளவென்று புதிய ஆயில் ஒட்டியது. பேக்கிங்கின் ஓரம் நகத்தால் அழுத்தினாலும் நசுங்காத அளவுக்கு இறுகிப் போயிருந்தது.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. சந்தேகமுள்ள விளிம்பில் டால்கம் பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டினால், கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடிட்டுக் காட்டும். மற்றது, என்ஜின் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம். புட்டியில் சொன்ன அளவு ஊற்றி, ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. டார்ச் அடித்தால் கசிவுப் பாதை மஞ்சள் பச்சையாக ஒளிரும். மெதுவாகக் கசியும் வண்டிக்கு நான் சாயத்தைத்தான் பரிந்துரைப்பேன். பவுடர் காற்றில் பறந்துவிடுகிறது.

பேக்கிங் வாங்கும் முன் ஒரு சோதனை

என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி, நல்ல பேக்கிங்கையும் சீலையும் தாண்டி ஆயில் வெளியே தள்ளப்படும். அந்த நிலையில் புதுப் பேக்கிங் போட்டாலும் சீக்கிரமே மறுபடி கசியும். ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். பெட்ரோல் என்ஜினில் தாள் இலேசாக உள்ளே இழுபட வேண்டும். எழும்பிப் பறந்தால் வால்வையும் அதன் குழாயையும் பாருங்கள். பல கார்களின் வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஒலிக்க வேண்டும், ஒலிக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

உதிரி பாகத்துக்கு நான் பெங்களூர் ஜே.சி. ரோடுக்குத்தான் போவேன். அங்குள்ள கடைக்காரர்களில் தமிழ் பேசுவோர் நிறையப் பேர். “சேசிஸ் நம்பர் சொல்லுங்க சார், மாடல் மட்டும் சொன்னா மாறிடும்” என்று ஒரு கடையில் சொன்னது மிகச் சரி. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பேக்கிங் மாறும். கம்பெனிப் பேக்கிங்கையே வாங்குங்கள், ஸ்பார்க் பிளக் குழிகளுக்கான சீல்கள் அதோடு வருகின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். அந்தச் சீல் கெட்டால் பிளக் குழிக்குள் ஆயில் நிரம்பி வண்டி மிஸ்ஸிங் அடிக்கும் (என்ஜின் சீராக ஓடாமல் குலுங்கும்).

படி 4: கழற்றி மாட்டுவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காயில்களை வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள். கவரைத் திறக்கும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு மணல் துகளும் விழக் கூடாது. கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு.

பழைய பேக்கிங்கை எடுத்தபின் கவரின் பள்ளத்தையும் ஹெட்டின் முகத்தையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, கிளீனரில் நனைத்த துணியால் ஆயில் பசையே இல்லாமல் துடையுங்கள். ரப்பர் பேக்கிங்கைப் பள்ளத்தில் உலர்வாகவே பொருத்த வேண்டும். சுற்றிலும் சிலிக்கான் பூசுவது தவறு. பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கும், உள்ளே பிதுங்கிய சிலிக்கான் உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும். டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் இரண்டு மூலைகள், கேம் ஷாஃப்ட் மூடி முடியும் படிகள் என மேனுவலில் காட்டிய இடங்களில் மட்டும் ஒரு பயறு அளவு ஆர்.டி.வி. சிலிக்கான் (வெப்பமின்றியே இறுகும் பசை) வைத்தால் போதும். பிராண்டில் என் விருப்பம் திரீபாண்ட். அனபாண்டும் தாராளமாகப் போதும். கவரைக் கழற்றாமலே வெளியே சிலிக்கானை அப்பிவிடுவது மட்டும் உதவவே உதவாது. ஆயில் பசையுள்ள முகத்தில் எந்தச் சிலிக்கானும் பிடிக்காது.

கவரைக் கவிழ்த்து இறக்கும்போது பின்பக்கப் பேக்கிங் பள்ளத்திலிருந்து நழுவக்கூடும். கவரை நேர் கீழாக இறக்கி, கண்ணாடியால் பின்விளிம்பைப் பார்த்த பிறகே போல்ட்டுகளைப் போடுங்கள்.

அடுத்தது போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை (டார்க்). இந்தப் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் வரும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். கடைகளில் அதிகம் விற்கும் அரை அங்குல டார்க் ரெஞ்சுகளில் பலவற்றின் அளவுகோல் 28 அல்லது 40-இல்தான் தொடங்குகிறது. அதை வைத்து இறுக்கினால் ‘கிளிக்’ சத்தம் வருமுன் போல்ட் அறுந்துவிடும், அல்லது அலுமினிய மரை கழன்றுவிடும். கால் அங்குல டிரைவ், 5 முதல் 25 வரை காட்டும் ரெஞ்சை வாங்குங்கள். ஸ்பானரும் சாக்கெட்டும் டப்பாரியா பிராண்டில் வாங்குவேன். டார்க் ரெஞ்சில் மட்டும் மலிவைப் பார்க்க மாட்டேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கு மாற்றி, முதலில் கையால், பிறகு பாதி அளவு, பிறகு முழு அளவு என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். கசியும் என்று பயந்து கூடுதலாக இறுக்கினால் கவர் நெளிந்து கசிவு அதிகமாகும்.

சிலிக்கான் டியூபில் சொன்ன நேரம்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பல வகைகள் முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். நான் ஒரு முழு நாள் விட்டுவிடுவேன்.

படி 5: சரிபார்ப்பது

ஐடிலில் ஒரு முறை, நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் ஒரு முறை, அதே கண்ணாடியோடு அதே விளிம்புகளைப் பாருங்கள். ஓசூர் வரை போய் வந்தால் போதுமான சூடு கிடைக்கும். புதிய அட்டையையும் விரித்து வையுங்கள். முதல் சில நாள்களில் இடுக்குகளில் தங்கிய பழைய ஆயில் ஓரிரு துளி இறங்கலாம். ஊற்றுப் பக்கம் உலர்ந்திருந்தால் கலங்க வேண்டாம்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

சர்வீஸ் முடிந்த மறுநாளே ஒழுகுகிறது என்று எழுதிய ஒருவருக்குக் காரணம் ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ள, அதன் மேலேயே புதிய வளையம் அமர்ந்துவிட்டது. இரண்டு வளையம் சேர்ந்தால் திடீரென்று ஆயில் கொட்டும். என்ஜினையே இழக்க நேரும். ஃபில்டரைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள், புதியதின் வளையத்தில் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள்.

டிரெயின் போல்ட்டில் கசிவு என்றவர்கள் முதலில் அதன் வாஷரை மாற்றுங்கள். ஒவ்வோர் ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர் போட வேண்டும்; பணிமனையில் கேட்டு வாங்கிப் போடச் செய்யுங்கள்.

பிரஷர் சுவிட்சுக்குள் ஆயில் கசிந்தால் வெளிப்பக்கம் உலர்ந்திருக்கும், கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஆயில் நிற்கும். அந்தக் கனெக்டரை ஒருமுறை கழற்றிப் பார்க்காமல் தேடலை முடிக்காதீர்கள்.

டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் முன்பக்க கிராங்க் சீல் அல்லது கேம் சீல் கசிந்தால், சீலை மட்டும் மாற்றிவிட்டு ஆயிலில் ஊறிய பெல்ட்டை விட்டுவைக்கக் கூடாது. ஊறிய ரப்பர் சீக்கிரம் பிய்யும், பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

வண்டிக்கு அடியில் போவோர் அனைவருக்கும்: ஜாக்கியை மட்டும் நம்பி உடலை உள்ளே நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகே போக வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது ராஜகால்வாய் (மழைநீர் வடிகால்) வழியாக ஏரிக்குத்தான் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.