கடலூரிலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாறும் முன்

சம்பளம் கூடுதல் என்றதும் கடலூர் நர்ஸ் வேலையை விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு லீவு நாளில், டூட்டிக்குப் போகிற அதே நேரத்தில் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேடு புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கிலிருந்து வருகிறோம், அரியாங்குப்பம் தாண்டி நகரத்தையே கடக்கணும், ரயிலில் போகலாம் என்றால் விழுப்புரம் சுற்றணும். 25 வயதில் ஸ்கூட்டியிலோ ஹாஸ்டலிலோ சமாளிக்கலாம். 50ஐ நெருங்கும் அக்காக்கள் நைட் டூட்டி முடிந்து, வீங்கின காலில் செருப்பு வார் பதிய பஸ்ஸில் நின்றுகொண்டே வருவதைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. அவர்கள் சம்பளத்துக்கு முன்னால் ஷிஃப்ட் முடியும் நேரத்தைக் கேட்கணும். அப்புறம், இரவில் ஆஸ்பத்திரி வண்டி உண்டா, எந்த ஸ்டாப் வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.