ஆள் எப்போது வீட்டுக்கு வருவார்? தீர்ப்பில் பார்க்க வேண்டியவை

தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட் வராண்டாவில் எல்லோரும் கேட்பது "எத்தனை வருஷம்?" என்றுதான். அந்த எண்ணை மட்டும் வைத்து வெளியே வரும் நாளைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

முதலில், தீர்ப்புக்கு முன்பே செய்ய வேண்டியது. குற்றவாளி என்று முடிவானதும், தண்டனை பற்றி அவர் சொல்வதையும் நீதிபதி கேட்பார். பல பேர் "வயசான அம்மா இருக்காங்க ஐயா" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவின் மருத்துவச் சீட்டு, பிள்ளைகள் படிக்கும் சான்று, மறுபடி வேலை தருகிறேன் என்று பழைய முதலாளி எழுதிய கடிதம் எல்லாம் அன்று காலையே வக்கீல் கையில் இருக்கட்டும். மரண தண்டனையோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றம் என்றால், 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமலே பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விடச் சொல்லிக் கேளுங்கள் (போதைப்பொருள் சட்டம் போன்ற சிலவற்றில் இந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கும்). பையனுக்கு 21 வயது ஆகவில்லை என்றால், ஏன் அப்படி விடவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். இதில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் இதை நம்பி உட்கார வேண்டாம், துறை நடவடிக்கை தனி.

சிறைத் தண்டனைதான் என்றால், 'ஏக காலத்தில்' என்ற சொல்லைத் தேடுங்கள். 7, 3, 1 என்று மூன்று பிரிவுகளில் தண்டனை வந்தால், அந்தச் சொல் இருக்கிறவரைக்கும் 7 வருஷம், இல்லாவிட்டால் 11. 2024 ஜூலைக்கு முன்பு இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) நீதிபதி எதுவும் சொல்லவில்லை என்றாலே ஒன்றன்பின் ஒன்றுதான். ஆள் வேறு வழக்கில் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தால் அதையும் வக்கீல் வாய்திறந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது முடிந்த பிறகுதான் இது ஆரம்பிக்கும்.

அப்புறம் ரிமாண்டில் இருந்த நாட்கள். 14 மாதம் உள்ளே இருந்திருந்தால் அது கழியும், தேதிகள் சரியா என்று பாருங்கள்.

ஆயுள் என்றால் 14 வருஷம் என்று டீக்கடையில் சொல்வது தப்பு. ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலை போன்ற வழக்கில் அரசு முன்விடுதலை தருவதற்குக் கடக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம்தான் 14. இரண்டு ஆயுள் தண்டனை விழுந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக வராது என்று 2016-இல் முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்பு நகல் இலவசமாகத் தர வேண்டும், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அப்பீலுக்கு உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள், செஷன்ஸ் கோர்ட் என்றால் 30 நாள்.

கடைசியாக அபராதம். யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் கட்டாவிட்டால் வரும் மாதங்கள் மற்ற தண்டனைக்கு மேல் தனியாகச் சேரும், ரிமாண்ட் நாட்களும் அதில் கழியாது. முழுப் பணம் இல்லையா, பாதியாவது புரட்டுங்கள்: 10,000 ரூபாய்க்கு 6 மாதம் என்றால், 3 மாதம் கழிந்த பிறகு 5,000 கட்டினாலும் மீதி மாதங்களுக்கு அவரை உள்ளே வைக்க முடியாது.