மொரிஸ் மைனர்: நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்ற டிஃபரன்ஷியல் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

என்னிடம் இருப்பது 1098 சிசி இயந்திரம் கொண்ட மொரிஸ் மைனர். ஏ9 வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் அது எந்தக் குறையும் வைப்பதில்லை. ஆனால் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 90ஐத் தொட்டதும் பின்புறக் கண்ணாடியில் தெரியும் உருவங்கள் நடுங்கத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவருடன் உரத்த குரலில்தான் பேச வேண்டும். கார்பரேட்டரிலும் இயந்திரத் தாங்கிகளிலும் பல மாதங்கள் குறை தேடிய பிறகே, விடை பின் ஆக்சிலுக்குள் இருக்கிறது என்று புரிந்தது. டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலின் நடுவில், இயந்திரத்தின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் சுழல்தண்டு) எத்தனை தடவை சுழல வேண்டும் என்பதே அதன் விகிதம். எண் சிறிதானால், அதே வேகத்தில் இயந்திரம் குறைவாகச் சுழலும். இப்போது 4.22 டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு 3.9 பொருத்தியிருக்கிறேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை, முதன்முதலாக இதில் இறங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: காரில் இப்போது இருக்கும் விகிதத்தைக் கண்டுபிடித்தல்

கைநூலை நம்ப வேண்டாம். 948 சிசி மைனர் 4.55 விகிதத்துடனும், 1962க்குப் பின் வந்த 1098 சிசி மைனர் 4.22 விகிதத்துடனும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன என்பது உண்மையே. ஆயினும் அறுபது ஆண்டுகளில் எத்தனை கராஜ்களில் எத்தனை ஆக்சில்கள் கைமாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

நான் தவறியது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதல் முறை பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, ஒன்றைத் தம்பி அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றதை நான் 20 தடவை சுற்றினேன். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 39 தடவை சுழன்றது. அதைப் பத்தால் வகுத்து (காரணம் கீழே), ஏற்கெனவே 3.9தான் இருக்கிறது என்று நினைத்து ஆக்சிலை மறந்தேன். உண்மையில், நான் சுற்றச் சுற்ற அவன் கையிலிருந்த சக்கரம் சிறிது சிறிதாக எதிர்த்திசையில் நழுவியிருக்கிறது. டிஃபரன்ஷியலின் இயல்பே அதுதான்: இரு சக்கரங்களும் தரையில் இல்லாவிட்டால், ஒன்றைச் சுற்றும்போது மற்றது பின்னோக்கி ஓடப் பார்க்கும், அது ஓடும் அளவுக்கு எண்ணிக்கை குறையும்.

சரியான முறை இது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விடுவியுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கினால் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது. தூக்கிய சக்கரத்திலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் வெண்கட்டியால் கோடு போடுங்கள். ஒருவர் சக்கரத்தைச் சரியாக 20 தடவை சுற்ற, மற்றவர் ஷாஃப்டின் கோட்டை எண்ண வேண்டும். மறுசக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், 20 சுற்றுக்கு உள்ளே கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரம்) 10 சுற்றுத்தான் சுற்றும். எனவே கிடைக்கும் எண்ணைப் பத்தால் வகுத்தால் அதுவே விகிதம். 42 சுற்றும் ஏறத்தாழக் கால் சுற்றும் வந்தால் 4.22, நாற்பத்தைந்தரை வந்தால் 4.55.

இரண்டாம் படி: டயரை அளத்தல்

டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் கணக்குப் போடுவதைவிட நேரில் அளப்பதே மேல். ஓட்டுநர் உள்ளே இருக்க, டயரிலும் தரையிலும் கோடிட்டு, காரை மெல்லத் தள்ளிப் பத்துச் சுற்றுத் தூரத்தை அளவு நாடாவால் அளந்து பத்தால் வகுங்கள். என் 14 அங்குலச் சக்கரத்தின் 155 டயருக்கு ஒரு சுற்று 1.84 மீற்றர் வந்தது.

மூன்றாம் படி: கணக்கு

சுற்றளவை 60ஆல் பெருக்கி, விகிதத்தால் வகுத்தால், இயந்திரம் நிமிடத்துக்கு 1000 தடவை சுழலும்போது நான்காம் கியரில் கார் ஓடும் வேகம் கிடைக்கும். எனக்கு 4.22இல் 26.2 கிலோமீற்றர், 3.9இல் 28.3, 3.7இல் 29.8. அதாவது 90 கிலோமீற்றர் வேகத்தில் 4.22க்கு ஏறத்தாழ 3440 சுழற்சி, 3.9க்கு 3180, 3.7க்கு 3020. காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, இரண்டு மணி நேர ஓட்டத்தில் காதுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1098 இயந்திரத்தின் இழுவிசை உச்சம் பெறுவது 2500 சுழற்சியில்தான். 70 கிலோமீற்றரில் 3.9 வைத்தால் 2470 வருகிறது. அது பொருத்தமான இடம். 3.7 வைத்தால் 2350க்கு இறங்கி, எதிர்க்காற்று அடித்தாலே இயந்திரம் திணறும்.

நான்காம் படி: வாங்குவதற்கு முன் ஏற்றத்தில் சோதித்தல்

4.22இலிருந்து 3.9க்கு மாறினால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். ஏற்றத்தில் அது, வழக்கமாக ஏறும் ஆட்களுடன் இன்னும் ஒருவர் கூடுதலாக ஏறியதற்கு ஒப்பாகும், 3.7 என்றால் இருவர். ஆகவே நீங்கள் அடிக்கடி போகும் ஏற்றத்தில் ஒருவரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். நான் கடுகண்ணாவ ஏற்றத்தில் பார்த்தேன். மூன்றாம் கியரிலேயே ஏறியது, மனம் அமைதியானது. அங்கு இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தால் 4.22ஐ விட்டிருக்க மாட்டேன்.

என் கருத்து உறுதியானது: 948க்கு 4.22, 1098க்கு 3.9, 1275 இயந்திரம் மாற்றியவர்களுக்கு மட்டும் 3.7. கண்டிப் பக்கம் குடியிருப்பவர்கள் இருப்பதையே வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: வாங்குதலும் பொருத்துதலும்

3.9 வேண்டுமானால் எம்ஜி மிட்ஜெட் காரின் டிஃபரன்ஷியலைத் தேடுங்கள். அது மைனரின் ஆக்சில் கூட்டில் அப்படியே உட்காரும். ஆரம்பகால எம்எம் மாதிரியின் ஆக்சில் வேறு என்பதால் இது அவற்றுக்குப் பொருந்தாது. கிரவுன் வீலையும் அதைச் சுற்றும் சிறு பற்சக்கரமான பினியனையும் தனித்தனியே வாங்கிச் சேர்க்காதீர்கள். அவை சோடியாகத் தேய்ந்து பழகியவை, சோடி மாறினால் ஊளைச் சத்தம் நிற்காது. முழு டிஃபரன்ஷியலாகவே வாங்குங்கள். பினியனில் 10, கிரவுன் வீலில் 39, அதாவது 10/39 என்ற பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 9/38 என்றால் அது உங்களிடம் உள்ள 4.22தான். உங்கள் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் உள்ளே நுழைத்துப் பார்த்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணையும் முகப்பின் துளைகளையும் ஒப்பிட்டபின் பணம் கொடுங்கள்.

பொருத்துவது ஒருநாள் வேலை. எட்டு நட்டுகளையும் வளைய ஸ்பானரால் கழற்றுங்கள். திருகி அளவு மாற்றும் ஸ்பானரை இந்த வேலைக்கு நான் தொடவே விடமாட்டேன், மூலைகள் மழுங்கிவிடும். புதிய கஸ்கற் வைத்து, ஹைப்பொயிட் கியர் எண்ணெய் 90 இலக்கத்தில் 0.85 லீற்றர் ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து 3.9க்கு மாறிய ஒருவர், தம் கார் முன்பைவிட மெதுவாக ஓடுவதாக எழுதியிருந்தார். கார் மெதுவாகவில்லை, வேகமானி குறைத்துக் காட்டுகிறது. அதன் கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருவதால், டிஃபரன்ஷியல் மாறியது அதற்குத் தெரியாது. முன்பு சரியாக இருந்த வேகமானி இப்போது 80 காட்டினால் உண்மை வேகம் ஏறத்தாழ 87. அதிவேக நெடுஞ்சாலையில் 100 என்ற எல்லையை அறியாமலே தாண்டிவிடலாம். வேகமானியை அளவு திருத்திக் கொள்ளும்வரை கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து ஓட்டுங்கள். நான் வேகமானியின் கண்ணாடியில், உண்மை வேகம் ஏறத்தாழ 100 ஆகும் 92க்கு நேரே ஒரு சிறு சிவப்புக் கோடு ஒட்டி வைத்திருக்கிறேன்.