விற்ற வலைத்தளத்தைப் புதியவரிடம் ஒப்படைப்பது எப்படி?

விற்பனை முடிந்ததும் பலர் முதலில் டொமைனைத்தான் (தளத்தின் இணைய முகவரியை) மாற்றப் பார்க்கிறார்கள். அதைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். தளம் புதிய சர்வரில் ஓடுகிறது என்று உறுதியான பிறகு டொமைன் கைமாறினால், நடுவில் எது பிசகினாலும் பழைய இடத்துக்கே திரும்பலாம். கீழே இருப்பது வேர்ட்பிரஸ் தளத்துக்கான வழி.

1. பேக்கப்

தளத்தின் கோப்புகள் முழுவதையும் இறக்குங்கள். ஹோஸ்டிங்கில் உள்ள பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இதற்குப் பிறகு வரும் ஆர்டரும் பின்னூட்டமும் பழைய சர்வரிலேயே தங்கிவிடும் என்பதால், மாற்றம் முடியும்வரை இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

2. புதிய சர்வர்

கோப்புகளை ஏற்றி, புது டேட்டாபேஸ் உருவாக்கி, இம்போர்ட் செய்யுங்கள். வேர்ட்பிரஸ் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) கோப்பில் டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் நான்கையும் திருத்த வேண்டும். டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வந்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று தவறாக இருக்கும். வாங்கியவர் தன் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்பு) டொமைன் பெயரோடு புதிய சர்வரின் ஐபி முகவரியைச் சேர்த்தால், மற்றவர்களுக்குத் தெரியாமல் தளத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

3. டிஎன்எஸ்

டொமைன் பெயர் எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு இது. அதில் இப்போது புதிய சர்வரின் ஐபியைப் போட வேண்டும். அதிகம் சொதப்புவது இங்கேதான். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல் மதிப்பை (பழைய பதிலை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) 300 விநாடியாகக் குறையுங்கள். அது 86400 ஆகவே இருந்தால், சிலருக்கு ஒரு நாள்வரை பழைய தளம்தான் தெரியும். இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் நேம்சர்வரையும் மாற்றுவதானால், எல்லா ரெக்கார்டுகளையும் முன்கூட்டியே நகலெடுங்கள். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டு விட்டுப்போனால் மின்னஞ்சல் வராது. டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால், முதலில் அதற்கான டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, இரண்டு நாள் பொறுத்து நேம்சர்வரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பலருக்குத் தளமே திறக்காது. தளம் புதிய ஐபிக்கு வந்ததும் பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதிதாக எடுங்கள்.

4. டொமைன்

இருவருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ராரில் (டொமைனைப் பதிவு செய்யும் நிறுவனம்) கணக்கு இருந்தால், கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவதே எளிது. வேறு ரெஜிஸ்ட்ரார் என்றால் டொமைன் வெளியே போகாமல் தடுக்கும் லாக்கை எடுத்து, டிரான்ஸ்ஃபர் கோடை (மாற்றுவதற்கான ரகசியக் குறியீடு) வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். கோடு கையில் இருப்பவர் டொமைனைக் கொண்டுபோகலாம். பணம் கைக்கு வராமல், அல்லது எஸ்க்ரோவில் (பணத்தை இடையில் வைத்திருக்கும் மூன்றாம் நபரிடம்) சேராமல், அதைத் தராதீர்கள். டாட் காம் போன்றவற்றில் பதிவு செய்தோ முன்பு மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் டிரான்ஸ்ஃபர் மறுக்கப்படலாம். உரிமையாளர் பெயரைத் திருத்தினாலும் இதே தடை விழக்கூடும், ஆகவே டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு திருத்துங்கள். டிரான்ஸ்ஃபர் முடிய வழக்கமாக 5 முதல் 7 நாள் ஆகும். ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சல் விற்கிற டொமைனிலேயே இருந்தால், முதலில் அதை வேறு மின்னஞ்சல் முகவரிக்கு மாற்றுங்கள்.

5. உள்ளே இருப்பவை

புதியவருக்கு அட்மின் கணக்கு உருவாக்கி, அவர் உள்ளே நுழைந்த பிறகு பழையதை நீக்கச் சொல்லுங்கள். நீக்கும்போது பதிவுகளைப் புதிய பெயருக்கு மாற்றும் தெரிவை விட்டுவிட்டால் கட்டுரைகளும் அழிந்துபோகும். கூகுளின் சர்ச் கன்சோலிலும் அனலிட்டிக்ஸிலும் அவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் விலகலாம். கூகுள் விளம்பர வருமானத்துக்கான ஆட்சென்ஸ் கணக்கு மட்டும் கைமாறாது. விளம்பரக் குறியீட்டையும் ஆட்ஸ் டெக்ஸ்ட் (ads.txt) கோப்பில் உள்ள கணக்கு எண்ணையும் வாங்கியவர் தன்னுடையதாக மாற்ற வேண்டும். பணம் செலுத்தும் கேட்வேயின் கீகளுக்கும் (தளத்தை அந்தக் கணக்கோடு இணைக்கும் ரகசியச் சொற்கள்) இதுவே பொருந்தும். மறந்தால் அவருடைய வருமானம் உங்கள் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும்.

பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள். ரத்து செய்யும் நாளில் உங்கள் கணினியில் உள்ள வாடிக்கையாளர் விவரங்களின் நகலையும் அழித்துவிடுங்கள்.