முகம் திருப்பும் பிள்ளையோடு பேசுவது எப்படி

என் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, அவள் முகம் திருப்பும் பக்கமெல்லாம் நானும் போய்க் குனிவேன். மறுபக்கம் திரும்பினால் அங்கே எங்க அம்மா கிலுகிலுப்பையோடு நிற்பாள். கடைசியில் அழுகைதான். "பிள்ளைக்கு உன் முகமே பிடிக்கலையோ" என்று பார்க்க வந்த ஒருத்தர் சொன்னது அப்படியே நெஞ்சில் தைத்தது.

பிடிக்காமல் இல்லை. கண், வாய், குரல் என்று எல்லாம் ஒரே சமயத்தில் அசையும் ஒரு முகம், பச்சைப் பிள்ளைக்குப் பெரிய சங்கதி. கொஞ்சம் பார்த்ததும் அதற்குத் திகட்டிவிடும். எழுந்து போகவா முடியும்? கண்ணை விலக்கிக்கொள்ளும்.

பால் குடித்து, ஏப்பம் விட்டு, அழாமல் விழித்துக் கிடக்கும் நேரமாகப் பாருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாக்கப் போட்டு, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் முகத்தை வையுங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. மூன்று மாதத்தில் இன்னும் தள்ளியும் தெரியும் என்றாலும் கிட்ட இருப்பதே சுகம்.

"ங்கா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதலில் புருவம் ஏறும், கால் உதைக்கும், வாய் குவியும், அதற்கப்புறம்தான் குரல் வரும். நான் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த "ங்கா" சொல்லி, அவள் முறையைப் பறித்துக்கொண்டிருந்தேன்.

முகம் திருப்பினால் தாடையைப் பிடித்து இழுக்காதீர்கள், சொடக்குப் போடாதீர்கள். அதே இடத்தில், அதே மலர்ந்த முகத்தோடு இருங்கள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். பிறகு தானாகவே திரும்பி என்னைத் தேடுவாள். அந்த நொடியில் சிரியுங்கள். முதுகை வளைப்பது, விரல்களை விறைத்து விரிப்பது, திரும்பத் திரும்பக் கொட்டாவி இதெல்லாம் வந்தால் அன்றைக்குப் போதும். தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காத்திருக்கும் முகம் வேறு, உறைந்த முகம் வேறு. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய்மாரைச் சில நிமிடம் எந்தச் சலனமும் இல்லாமல் பார்க்கச் சொன்னார். குழந்தைகள் சிரித்து அழைத்துப் பார்த்தன, பலிக்காமல் சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளை முன்னால் உட்காரும்போது நம் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. பிள்ளையோடு பேசும் அந்தக் கொஞ்ச நேரம் போன் வேறு அறையில் கிடக்கட்டும்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, அசைவதைக் கண்ணால் தொடரவில்லை என்றால் மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும்வரைகூடக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையானால், சிரிப்புக்கும் பார்வைக்கும் சொன்ன மாதக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.